ரத்தப் பரிசோதனைக்கு இத்தனை குளோரோஃபார்ம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தடய அறிவியல் ஆய்வகங்களில் ரத்த மாதிரிகள் மாதக்கணக்கில் தேங்கிக் கிடக்கின்றன என்று உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். ஆள் போதவில்லை, கருவி போதவில்லை என்று இரண்டு காரணங்களை எழுதியிருந்தீர்கள். இரண்டும் சரிதான். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அது உள்ளே நின்று வேலை பார்த்தவனுக்குத்தான் தெரியும் என்பதால் இந்தக் கடிதம்.

தென் மாவட்ட ஆய்வகம் ஒன்றில், விஷப் பிரிவில், 31 வருடம் அறிவியல் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வருகிற ரத்தத்தில் தூக்க மாத்திரை இருக்கிறதா, பூச்சிமருந்து இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. ஒரு மாதிரிக்கு என்ன செய்வோம் என்று சொல்லிவிடுகிறேன். 10 மி.லி. ரத்தம் எடுத்து, பால் திரிவதுபோல் அதில் உள்ள புரதத்தைத் திரியவைத்து வடிகட்டுவோம். வடிந்த நீரை அமிலமாக்கி, பிரிபுனலில் (மூடியும் கீழே திருகுக் குழாயும் உள்ள கண்ணாடிப் புனல்) ஊற்றி, ஈதர் சேர்த்துக் குலுக்குவோம். ஈதரைத் தனியே எடுத்துக்கொண்டு, மிச்சத்தில் அம்மோனியா விட்டுக் காரமாக்கி, 25 மி.லி. குளோரோஃபார்ம் விட்டுக் குலுக்குவோம். மறுபடி 25. மறுபடியும் 25. மாத்திரையின் மருந்து தண்ணீரை விட்டு குளோரோஃபார்முக்குள் போய்விடும். அதைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி, வெந்நீர்த் தொட்டிமேல் வைத்து ஆவியாக்கினால், அடியில் நகக்கண் அளவுக்கு ஒரு மஞ்சள் கறை மிஞ்சும். எங்களுக்கு வேண்டியது அந்தக் கறைதான். அதற்கு 75 மி.லி. குளோரோஃபார்ம், 50 மி.லி. ஈதர் செலவு. ஒரு நாளைக்கு 12 மாதிரி எடுத்தால் குளோரோஃபார்ம் மட்டும் 900 மி.லி.

பிரிபுனல் குலுக்குவது என்பது கேட்க எளிதாக இருக்கும். மூடியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து, தலைகீழாகக் கவிழ்த்து, குழாய்த் திருகை லேசாகத் திறந்தால் உள்ளே அடைந்திருக்கும் ஆவி "ஸ்ஸ்" என்று முகத்துக்கு நேராக வரும். திறக்க மறந்தால் மூடி பறந்துபோய் ரத்தமும் குளோரோஃபார்மும் சட்டையில். புரதம் சரியாகத் திரியாத நாளில் இரண்டு நீர்மங்களுக்கும் நடுவே மோர் மாதிரி ஒரு அடுக்கு உருவாகும். அது பிரியவே பிரியாது. உப்புப் போடுவோம், விரலால் தட்டுவோம், தாங்கியில் மாட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய் வருவோம். வந்து பார்த்தால் அப்படியே நிற்கும். இன்னும் 25 மி.லி. ஊற்றுவோம். கணக்கில் எழுதுவது 75. கையை விட்டுப் போவது 100, 120.

ஈதர் கதை வேறு. அது 35 டிகிரியில் கொதிக்கும். மதுரைப் பக்கம் சித்திரை வெயில் எத்தனை டிகிரி என்று உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாட்டில்மேல் ஈரத்துணி சுற்றிவைத்து, காலை எட்டு மணிக்குள் ஈதர் வேலையை முடித்துவிடுவோம். நான் சேர்ந்த புதிதில் அதைச் சாதாரண ஃபிரிட்ஜில் வைத்திருந்தார்கள். உள்ளே விளக்கு, தெர்மோஸ்டாட் எதில் ஒரு பொறி பறந்தாலும் ஃபிரிட்ஜ் வெடிக்கும் என்று ஒரு மூத்த சார் வந்து சொல்லும்வரை அது அங்கேதான் இருந்தது.

சரி, ஆவியான குளோரோஃபார்ம் எங்கே போனது? ஆவியை வெளியேற்றும் கூண்டு ஒன்று இருந்தது. அதன் மின்விசிறி கெட்டுப்போய், ரிப்பேருக்குக் கடிதம் போய், பதில் வந்து, மறுபடி கடிதம் போய், கடைசியில் பழைய பாட்டில்களை அடுக்கும் அலமாரியாக அது ஆகிவிட்டது. ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் ஆவியாக்குவோம். மூன்று மணிக்கு மேல் தலை லேசாகக் கிறங்கும், இனிப்பான ஒரு நெடி நாக்கில் ஒட்டிக்கொள்ளும், டீயே ருசிக்காது. வீட்டில் என் சட்டையை மற்ற துணிகளோடு ஊறவைக்க மாட்டார்கள். குளோரோஃபார்ம் கல்லீரலைக் கெடுக்கும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கலாம் என்று ஐயப்படும் பொருள்களின் பட்டியலில் அதைச் சேர்த்திருக்கிறது.

ஆவியாகாத மிச்சமெல்லாம் சின்க்கில்தான் போகும். குளோரோஃபார்ம் தண்ணீரைப் போல ஒன்றரை மடங்கு கனம். குழாயைத் திறந்துவிட்டால் அடித்துக்கொண்டு போய்விடும் என்று நினைப்போம்; அது போகாமல் சின்க்குக்குக் கீழே உள்ள வளைவில் தங்கிவிடும். ஒரு முறை தண்ணீர் இறங்கவில்லை என்று பிளம்பர் வந்தார். வளைவைக் கழற்றக் கை வைத்தவர், "என்ன சார், பைப் பிசைஞ்ச மாவு மாதிரி இருக்கு?" என்றார். பிவிசி ஊறி இளகிப்போயிருந்தது. அதற்குள் இருந்ததை வாளியில் கவிழ்த்தவர் ஐந்து நிமிடத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார். இரும்புக் குழாய் போட்டுத் தரச் சொல்லி அன்றே குறிப்பு எழுதினோம். சின்க்கில் ஊற்றக்கூடாது என்று யாரும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

இந்த முறை எத்தனை வருடத்துக்கு முந்தையது தெரியுமா? 1850-ல் பெல்ஜியம் நாட்டில் பொகார்மே என்ற பிரபு, சொத்துக்காகத் தன் மைத்துனரை நிக்கோட்டின் கொடுத்துக் கொன்றார். செடிகளிலிருந்து வரும் விஷத்தை உடலுக்குள் கண்டுபிடிக்க முடியாது என்று எல்லோரும் நம்பிய காலம். ழான் ஸ்டாஸ் என்ற வேதியியலாளர் இறந்தவரின் உறுப்புகளிலிருந்து ஈதரைக் கொண்டு நிக்கோட்டினைப் பிரித்துக் காட்டினார். பிரபுவின் தலை போயிற்று. பிறகு ஜெர்மனியில் ஓட்டோ அதைக் கொஞ்சம் திருத்தினார். ஸ்டாஸ்-ஓட்டோ முறை என்று பெயர். நம் சென்னையில் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் ஆரம்பித்தது 1849-ல். இந்தியாவில் அதுதான் முதல். அதற்கு மறுவருடம் பிறந்த முறையை வைத்துத்தான் நான் ஓய்வு பெறும் நாள்வரை பிரிபுனல் குலுக்கினேன். ஸ்டாஸ் பெரிய மனிதர், சந்தேகமில்லை. ஆனால் அவரே இன்று இருந்திருந்தால் வேறு வழி பார்த்திருப்பார்.

வேறு வழி என்ன என்பதை எனக்குக் காட்டியது என் அக்கா மகள். பல்கலைக்கழகம் ஒன்றில் வேதியியல் ஆய்வு மாணவி. ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் அவளுடைய ஆய்வகத்துக்குப் போயிருந்தேன். உள்ளே நுழைந்ததும் எனக்கு முதலில் உறைத்தது வாசனை. குளோரோஃபார்ம் நெடி இல்லை. அஞ்சால் அலுப்பு மருந்துக் கடைக்குள் நுழைந்ததுபோல ஓமமும் புதினாவும் மணத்தது. ஒரு சின்னக் குப்பியில் திரியவைத்து வடித்த ரத்த நீர் அரை மி.லி. அதில் வேறொரு புட்டியிலிருந்து எண்ணெய் போன்ற ஒன்றை 100 மைக்ரோலிட்டர், அதாவது இரண்டு மூன்று சொட்டு, ஊசியால் பீய்ச்சினாள். குப்பியை அதிரும் கருவியில் ஒரு நிமிடம் வைத்ததும் உள்ளே பால் கலந்ததுபோல் வெளுத்தது. சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி எடுத்தபோது, தெளிந்த நீரின்மேல் மிளகு அளவுக்கு ஒரு சொட்டு மிதந்துகொண்டிருந்தது.

"மருந்து முழுக்க இந்தச் சொட்டுக்குள்ள வந்திருச்சு மாமா."

"குளோரோஃபார்ம் எப்போ விடுவ?"

"விட மாட்டோம்."

அந்த எண்ணெய் என்ன என்று கேட்டேன். மெந்தாலும் தைமாலும் என்றாள். புதினா உப்பும் ஓம உப்பும்! என் அப்பத்தா நாட்டு மருந்துக் கடையிலிருந்து புதினா உப்பு, ஓம உப்பு, பச்சைக் கற்பூரம் மூன்றையும் வாங்கிவந்து ஒரு கண்ணாடி புட்டியில் போட்டு வைப்பார். தண்ணீர் ஒரு சொட்டுகூட விடாமல், அடுப்பில் ஏற்றாமல், கொஞ்ச நேரத்தில் மூன்று கட்டியும் கரைந்து தைலமாகிவிடும். முட்டி வலிக்கு அதைத்தான் தடவுவார். மெந்தால் 42 டிகிரியிலும் தைமால் 50 டிகிரியிலும் உருகும் பொருள்கள். சேர்த்துவைத்தால் ஒன்றின் மூலக்கூறு மற்றொன்றின் கட்டுமானத்துக்குள் புகுந்து இரண்டையும் கட்டியாகவே இருக்கவிடாமல் செய்கிறது. அறை வெப்பத்திலேயே நீர்மமாகிவிடுகிறது. இந்த ரகக் கரைப்பான்களை 2003-ல் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ ஆபட் குழுவினர் பிரபலமாக்கினார்கள். அவர்கள் கலந்தது கோலின் குளோரைடும் யூரியாவும். முதலாவது கோழித் தீவனத்தில் சேர்ப்பது, நாமக்கல்லில் மூட்டைக் கணக்கில் கிடைக்கும். இரண்டாவது உரக்கடைச் சரக்கு. தனித்தனியாக 302 டிகிரியிலும் 133 டிகிரியிலும் உருகுபவை, ஒன்றுக்கு இரண்டு என்று கலந்தால் 12 டிகிரியிலேயே நீர்மம். அது தண்ணீரில் கரைந்துவிடும் என்பதால் ரத்தத்துக்கு உதவாது. தண்ணீரோடு ஒட்டாத மெந்தால் வகை வேண்டும்.

முட்டி வலிக்குக் கொஞ்சம் கொடு என்றேன். "ரத்தம் பட்ட ரூம்ல இருந்து எதையும் வெளிய கொண்டு போகக் கூடாது மாமா" என்று மறுத்துவிட்டாள். நன்றாகத்தான் பழக்கியிருக்கிறார்கள்.

75 மி.லி. வேலையை 0.1 மி.லி. செய்கிறது. 750-ல் ஒரு பங்கு. சொட்டுக் கணக்கில் பிரித்தெடுக்கும் இந்த யோசனையை 2006-ல் ஈரான் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். அவர்கள் முதலில் வைத்ததும் குளோரோஃபார்ம் மாதிரி குளோரின் சேர்ந்த கரைப்பான்தான். ஆனால் சில மைக்ரோலிட்டர். அப்புறம் வந்தவர்கள் குளோரினையும் ஒழித்தார்கள். இதில் ஒரு ரகத்தில் டோடெக்கனால் என்ற பொருளை வைக்கிறார்கள். அது 24 டிகிரியில் உறையும், மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைவதுபோல. தேங்காய் எண்ணெயிலிருந்தே அதைத் தயாரிக்கவும் முடியும். குப்பியைப் பனிக்கட்டியில் வைத்தால் மிதக்கும் சொட்டு மணியாக உறைந்துவிடும், கரண்டியால் தூக்கிவிடலாம். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பாவ்லிஷின் 1990-லேயே கரைப்பானே வேண்டாம் என்று செய்து காட்டினார். மேல்பூச்சுள்ள மெல்லிய இழையை மாதிரிக்குள் விட்டால் மருந்து அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். இழையை அப்படியே பரிசோதிக்கும் கருவிக்குள் நுழைத்துச் சூடாக்கினால் போதும்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம், நமக்கு ஒத்துவராது என்று சொல்பவர்களுக்கு ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். குடித்துவிட்டு வண்டி ஓட்டியவரின் ரத்தத்தை நம் ஆய்வகங்கள் எப்படிப் பரிசோதிக்கின்றன? 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். அதைப் பார்க்க ஒரு துளிகூட கரைப்பான் இல்லை. ரத்தத்தை மூடிய குப்பியில் சூடாக்கி, மேலே நிற்கும் காற்றை மட்டும் ஊசியால் எடுத்து, ஆவியில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியில் விடுகிறோம். கோர்ட்டும் ஏற்கிறது. பசுமை முறை என்று பெயர் வைக்காமலேயே பல வருடமாகச் செய்துவருகிறோம். மாத்திரைகள் ஆல்கஹால் மாதிரி எளிதில் ஆவியாகாது, அதனால் அதே வித்தை அப்படியே செல்லாது. ஆனால் கரைப்பானைக் குறைத்தால் வழக்கு தோற்றுவிடும் என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை என்பதற்கு அது போதும்.

கரைப்பான் பழக்கம் எப்படிக் கழுத்தை அறுக்கும் என்பதையும் பார்த்திருக்கிறேன். கரைசலில் உள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் ஹெச்பிஎல்சி கருவிக்கு வேண்டிய அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பான் 2008 கடைசியில் சந்தையில் கிடைக்கவில்லை. அது தனியாகத் தயாரிக்கும் பொருளே இல்லை. அக்ரிலிக் நூலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் அக்ரிலோநைட்ரைல் செய்யும்போது பக்கத்தில் கிடைப்பது. பெய்ஜிங் ஒலிம்பிக்குக்காகச் சீனாவில் ஆலைகளை நிறுத்தினார்கள், டெக்சாஸில் புயல், அதோடு உலகம் முழுக்கக் கார் விற்பனை படுத்தது. எங்கள் சப்ளையர் கையை விரித்துவிட்டார். நிமிடத்துக்கு 1 மி.லி. குடிக்கும் கருவி இரண்டு மாதம் உறைபோட்டுக் கிடந்தது. கருவிக்குள் பொருள்களைப் பிரிக்கும் 4.6 மி.மீ. உள்விட்டமுள்ள குழாய்க்குப் பதில் 2.1 மி.மீ. குழாய் போட்டால் அதே வேலைக்கு ஐந்தில் ஒரு பங்கு கரைப்பான் போதும். இது சாதாரணக் கணக்கு, விட்டத்தின் இருமடிக் கணக்கு. மெல்லிய குழாயின் விலையைப் பார்த்துவிட்டு மேலே இருந்தவர்கள் ஃபைலை மூடினார்கள். பாட்டில் விலையை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

இனி என் சந்தேகங்களையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அக்கா மகளுக்கு விளம்பரம் எழுதியதுபோல் ஆகிவிடும். அவள் வைத்திருந்தது ரத்த வங்கியின் சுத்தமான ரத்தம். எனக்கு வந்ததெல்லாம் கிணற்றில் மூன்று நாள் கிடந்த உடலின் ரத்தம். தார் மாதிரி கறுத்து, அழுகல் நாற்றத்தோடு, ஐஸ்பெட்டியில் ஐஸ் உருகி, கான்ஸ்டபிள் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தது. "இதுல உன் சொட்டு மிதக்குமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பாத்ததில்ல மாமா" என்றாள். அவள் மேஜையில் கிடந்த ஆய்வுக் கட்டுரைகளில் எல்லாம் கடிகாரம் மாதிரி ஒரு வட்டப் படம். ஒரு பரிசோதனை முறை சுற்றுச்சூழலை எவ்வளவு குறைவாகக் கெடுக்கிறது என்று பார்க்க, அக்ரீ என்று 2020-ல் வந்த மதிப்பெண் முறையாம். 12 கட்டம், பச்சை, மஞ்சள், சிவப்பு, நடுவில் பூஜ்யத்திலிருந்து ஒன்றுவரை மார்க். நல்ல யோசனைதான். ஆனால் 0.7 வாங்கிய முறை, அழுகிய ரத்தத்தில் ஒரு முறையாவது தேறியதா என்று அந்த வட்டத்தில் எந்தக் கட்டமும் சொல்லவில்லை. தைமாலும் ஒன்றும் குடிக்கிற பொருள் இல்லை. தோலில் பட்டால் எரியும். எளிதில் ஆவியாகாது என்பதால் கருவிக்குள் போய் அடைத்துக்கொள்ளவும் செய்யும்.

அப்படியும் ஏன் மாற வேண்டும் என்கிறேன்? பழைய முறை மூக்கைக் கெடுப்பதோடு நிற்கவில்லை, அதற்குக் கண்ணும் தெரியவில்லை. பஸ்ஸில் யாரோ கொடுத்த குளிர்பானத்தைக் குடித்து, நகையை இழந்து, மறுநாள் ஆஸ்பத்திரியில் கண் விழித்த ஒரு அம்மாவின் ரத்தம் எங்களிடம் வந்தது. அதிலிருந்து பிரித்த கறையைக் கரைத்துத் தட்டில் புள்ளி வைத்து, நிறம் காட்டும் மருந்து தெளித்தேன். ஒன்றும் வரவில்லை. "மயக்க மருந்து எதுவும் கண்டறியப்படவில்லை" என்று ரிப்போர்ட் போனது. 1 மி.கி. அல்பிரசோலாம் விழுங்கியவரின் ரத்தத்தில், உச்சத்திலேயே, ஒரு மி.லி.க்குப் பத்து இருபது நானோகிராம்தான் இருக்கும். எங்கள் தட்டில் ஆரஞ்சுப் புள்ளி தெரிய மைக்ரோகிராம் கணக்கில் வேண்டும். 10 மி.லி. ரத்தம் முழுவதையும் கொட்டினாலும் அந்த அளவு வராது. அந்த அம்மா பொய் சொல்கிறார் என்று எங்கள் காகிதத்தை வைத்து யாராவது சொல்லியிருப்பார்கள். அன்று எனக்கு இந்தக் கணக்கு தெரியாது. சொட்டு முறையும், அதைப் படிக்க, மூலக்கூறின் எடையை வைத்து மருந்தை அடையாளம் காட்டும் எல்சி-எம்எஸ் கருவியும் இருந்திருந்தால் அரை மி.லி. ரத்தத்தில் பார்த்திருக்கலாம். அந்தக் கருவி மின்சாரத்தையும் நைட்ரஜனையும் விழுங்கும்தான். ஆனாலும் ஒரு மாதிரி பத்து நிமிடத்தில் முடியும். எங்களுக்கு அந்த 12 மாதிரிக்கே ஒரு நாள் முழுக்க ஆகும். நீங்கள் எழுதிய தேக்கத்துக்கு மூன்றாவது காரணம் என்றேனே, அது இதுதான்.

மாறாமல் இருப்பதற்கு உண்மையான காரணம் பணம் என்று நான் நினைக்கவில்லை. சாட்சிக் கூண்டு. குறுக்கு விசாரணையில் வக்கீல் கேட்கும் முதல் கேள்வி, "நீங்கள் செய்தது புத்தகத்தில் உள்ள முறையா?" ஸ்டாஸ்-ஓட்டோ என்று சொன்னால் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். புதினா உப்பு, ஓம உப்பு என்று சொன்னால் கோர்ட்டே சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் ஒவ்வொரு அதிகாரியும் பழைய பதிவேட்டைப் பார்த்து அப்படியே எழுதுகிறார். இதைத் தனி ஆளாக எந்த உதவியாளரும் உடைக்க முடியாது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய நிபுணர் நேரில் போய்த் தடயம் சேகரிக்க வேண்டும் என்கிறது; மாநிலங்கள் ஐந்து வருடத்துக்குள் இதை அமலாக்க வேண்டும். மாதிரிகள் இனிக் கூடத்தான் செய்யும். ஒரு ஆய்வகத்தில் மட்டும் 100 ரத்த மாதிரிகளை எடுத்து, நல்லதும் அழுகியதுமாக, பழைய முறையிலும் சொட்டு முறையிலும் அடுத்தடுத்துச் செய்து பார்க்கட்டும். எது எங்கே தவறுகிறது என்பதையும் சேர்த்து எழுதி, தமிழ்நாட்டு ஆய்வகங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான செய்முறையாக அரசு வெளியிடட்டும். அப்போது கூண்டில் நிற்பவர் கையில் ஒரு புத்தகம் இருக்கும். பல்கலைக்கழகங்களில் இதே தலைப்பில் படிக்கும் பிள்ளைகளுக்கும் நிஜமான ரத்தம் கிடைக்கும். வட்டப் படம் வரைவதோடு நிற்க மாட்டார்கள்.

அதற்கு வருடங்கள் ஆகும் என்று தெரியும். அதுவரை ஒரு சின்ன வேலை. ஒவ்வொரு சின்க்குக்குப் பக்கத்திலும் இரண்டு கழிவு கேன் வையுங்கள். ஒன்று குளோரோஃபார்முக்கு, இன்னொன்று அசிட்டோன், ஈதர் வகைக்கு. தயவுசெய்து இரண்டையும் கலக்காதீர்கள். குளோரோஃபார்மும் அசிட்டோனும் காரத்தோடு சேர்ந்தால் கேன் சூடேறி வெடிக்கும். அபாயக் கழிவுகளுக்கு 2016-லேயே விதிகள் வந்துவிட்டன, ஆய்வகக் கரைப்பானும் அதில் அடங்கும். கேனுக்கும் லேபிளுக்கும் டெண்டர் தேவைப்படாது. அந்த பிளம்பர் இன்னும் அதே ஆய்வகத்துக்குத்தான் வந்துபோகிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் உதவியாளர்,
மதுரை.